யாருடைய அச்சம் நியாயமான அச்சம்?

தாக்கப்படுபவன் தன்னுயிரைக் காத்துக்கொள்ளலாம் என்பதை அநேகமாக எல்லாச் சட்டங்களும் ஒத்துக்கொள்கின்றன. தகராறு இன்னொரு கேள்வியிலேயே தொடங்குகிறது. தப்பிப்போக வழியிருக்கும்போது போகாமல் நின்று கொல்லலாமா? அமெரிக்காவில் இக்கேள்விக்கு வழங்கப்பட்ட பதில்கள் எப்படி மாறிவந்தன என்பதைப் பார்ப்பது, அந்நிய நாடுகளின் தெருக்களில் இரவில் நடமாடும் எங்களுக்கும் உதவும்.

பழைய ஆங்கிலச் சட்டம் பின்வாங்கச் சொன்னது. முதுகு சுவரில் முட்டும்வரை பின்வாங்கவேண்டும். அதற்கப்பால் வழியில்லையென்றால்தான் கொல்லலாம். வீடு மட்டும் விதிவிலக்கு. ஒருவனின் வீடு அவனுக்குக் கோட்டை என்று 1604இல் ஒரு வழக்கில் தீர்ப்பாயிற்று. வீட்டிலிருந்து எங்கே பின்வாங்குவது?

இச்சட்டம் கடல்கடந்து அமெரிக்காவுக்குப் போய் உருமாறியது. 1876இல் ஓஹியோ மாநில உச்சநீதிமன்றம், குற்றமற்ற 'உண்மையான மனிதன்' தாக்கவருபவனுக்குப் பயந்து ஓடவேண்டியதில்லை என்றது. மறுவருடம் இந்தியானா நீதிமன்றமும் அதே வழியில் போனது. 1895இல் ஒரு பசுமாட்டுத் தகராறு நாட்டின் உச்சநீதிமன்றம்வரை வந்தது. தன் வளவுக்குள் நின்றவனைப் பின்வாங்கியிருக்கவேண்டும் என்று சொல்லிக் குற்றவாளியாக்கியது, ஆர்கன்சாவின் 'தூக்குமேடை நீதிபதி' ஐசாக் பார்க்கரின் நீதிமன்றம். அவர் தீர்ப்பில் 79 பேர் தூக்கிலிடப்பட்டவர்கள். கொலைகளை நிதமும் விசாரித்த அந்தக் கடுமையான மனிதர்தான் பின்வாங்கும் கடமையை விடாப்பிடியாக வலியுறுத்தினார் என்பது கவனத்துக்குரியது. உச்சநீதிமன்றம் அவரின் தீர்ப்பை ரத்துச் செய்தது. 1921இல் நீதிபதி ஹோம்ஸ், ஓங்கிய கத்தியின் முன்னால் நிற்பவனிடம் ஆற அமர யோசிக்கச் சொல்லமுடியாது என்ற கருத்தில் தீர்ப்பெழுதினார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 'உண்மையான மனிதன்' யார்? அடிமைமுறை ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே, விடுதலைபெற்ற கறுப்பினத்தவர் அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருக்கக்கூடாதென மிசிசிப்பி சட்டமியற்றிவிட்டது. ஓடாமல் நிற்கும் உரிமை வளர்ந்த காலமும், நிற்கத் துணிந்த கறுப்பர்கள் மரங்களில் தொங்கவிடப்பட்ட காலமும் ஒன்றே.

இதற்கு மாறாக நடந்த அபூர்வமான வழக்கு டெட்ரொயிட்டில் நடந்தது. ஒசியன் ஸ்வீட் என்ற கறுப்பின டொக்டர் 1925 செப்டெம்பரில் வெள்ளையர் வட்டாரத்தில் வீடு வாங்கிக் குடியேறினார். இரண்டாம் இரவு வீட்டைக் கூட்டம் சூழ்ந்தது. கற்கள் யன்னல்களை உடைத்தன. பொலிசார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளேயிருந்து வெடித்த துவக்கினால் வெளியே ஒரு வெள்ளையர் இறந்தார். வீட்டிலிருந்த பதினொரு பேர்மீதும் கொலைவழக்கு. 83 ஆடியில் வாசலில் கூட்டம் வந்து நின்ற கதையைப் பெற்றோர் வாயால் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்த வீட்டுக்குள் இருந்தவர்களின் மனநிலையை விளங்கிக்கொள்ளப் புத்தகம் தேவைப்படவில்லை.

கிளாரன்ஸ் டாரோ வாதாடினார். கோட்டை என்ற அந்தப் பழைய உரிமை கறுப்பனின் வீட்டுக்கும் உண்டு என்பதே வழக்கின் சாரம். முதல் விசாரணையில் ஜூரிமார் ஒருமனப்படவில்லை. 1926 மே மாதம், ஒசியனின் தம்பி ஹென்றியை முழுக்க வெள்ளையரான ஜூரி விடுவித்தது. பின்னர் மற்றவர்கள்மீதான வழக்கும் கைவிடப்பட்டது. ஆனால் ஒசியனின் சிறுமகள் அதே வருடமும், சிறையிலிருந்து மீண்ட மனைவி 1928இலும் காசநோயால் இறந்துபோனார்கள்.

இனி 1992க்கு வருவோம். யப்பானிலிருந்து லூசியானாவுக்குப் படிக்கவந்த பதினாறு வயது யொஷிஹிரோ ஹட்டோரி, ஹலோவீன் விருந்துக்குப் போகையில் வீடு மாறி இன்னொரு கதவைத் தட்டினான். வீட்டுக்காரர் துவக்கோடு வந்து 'பிரீஸ்' என்று கத்தினார். பையன் நிற்காமல் சிரித்தபடி முன்னால் வந்தான். ஒரு வெடி. அத்துடன் முடிந்தது. 1993இல் ஜூரி வீட்டுக்காரரை விடுதலை செய்தது. மறுவருடம் சிவில் வழக்கில், அந்தக் கொலைக்கு அவசியமே இருக்கவில்லையென்று கண்ட நீதிபதி ஆறரை லட்சம் டொலர் நட்டஈடு விதித்தார். உணவகச் சமையலறையில் நாள்முழுக்கப் பிரீசரைத் திறந்து மூடும் எங்களில் எத்தனைபேருக்கு அந்தச் சொல் 'அசையாதே' என்ற கட்டளையாகக் கேட்கும்? மொழி அரைகுறையாகத் தெரிந்தவனின் உயிர், கதவுக்குப் பின்னால் நிற்பவரின் பயத்தில் தங்கியிருக்கிறது.

2005இல் புளோரிடா இந்தப் பயத்தை வீட்டு வாசலுக்கு வெளியேயும் கொண்டுபோனது. சட்டப்படி நிற்க உரிமையுள்ள எந்த இடத்திலும், உயிராபத்தென்று நியாயமாக அஞ்சுபவர் பின்வாங்கவேண்டியதில்லை. வழக்கிலிருந்தும் அவருக்கு விலக்கு உண்டு. தேசிய ரைபிள் சங்கம் முன்னின்று கொண்டுவந்த இச்சட்டமூலத்தை எதிர்த்து மாநில செனட்டில் ஒரு வாக்கேனும் விழவில்லை. இன்று அமெரிக்காவின் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இவ்விதி இருக்கிறது.

ஆதரவாளர்களின் வாதத்தை ஒதுக்கிவிடமுடியாது. அடிவாங்கும் பெண்ணிடம், பின்கதவால் ஓடியிருக்கலாமே என்று நீதிமன்றத்தில் ஆறுதலாகக் கேட்பது கொடுமை என்கிறார்கள். உண்மை. ஆனால் அதே புளோரிடாவில், தன்னை அடித்துவந்த கணவனை விரட்ட 2010இல் ஒரு எச்சரிக்கை வெடி வைத்த கறுப்பினப் பெண் மரிசா அலெக்ஸாண்டர் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டபோது நீதிபதி மறுத்தார். எவருக்கும் காயமில்லை; தண்டனை இருபது வருடம். மேன்முறையீட்டில் அது ரத்தாகி, 2015இல் ஓர் உடன்பாட்டின்பேரில் வெளியே வந்தார். 2012இல் கையில் ஆயுதமில்லாத பதினேழு வயது ட்ரேவோன் மார்ட்டினைச் சுட்டவரோ ஆறு வாரம் கைதாகவேயில்லை. அவருடைய வழக்கறிஞர்கள் இச்சட்டத்தின்கீழ் தனி விலக்குக் கோரவில்லையாயினும், பின்வாங்கும் கடமை இல்லையென்ற வாசகம் ஜூரிமாருக்கு வாசித்துக்காட்டப்பட்டது. 2013இல் விடுதலையானார்.

புளோரிடாவில் சட்டம் வந்தபின் கொலை வீதம் ஏறக்குறைய கால்பங்கு கூடியதென 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. 2023இல் கன்சாஸ் நகரில், தம்பிமாரைக் கூட்டிவரப்போன பதினாறு வயதுக் கறுப்பினப் பையன் ஒருவன் வீடு மாறி மணியை அடித்ததற்காகச் சுடப்பட்டான். ஹட்டோரிக்கு நடந்ததேதான், நல்லவேளை, இவன் பிழைத்தான்.

சட்டப்புத்தகத்தில் 'நியாயமான அச்சம்' என்று எழுதியிருக்கிறது. அந்த நியாயத்தை அளப்பவர்கள் ஜூரிமாராக அமரும் அயலவர்கள். யாரைக் கண்டு பயப்படுவது இயல்பென்று அந்த ஊர் ஏற்கெனவே நினைத்துவைத்திருக்கிறதோ, அதையே அவர்களும் அளவுகோலாக எடுக்கிறார்கள். ஒரு அடி பின்வைக்கவேண்டும் என்ற பழைய கடமை, வீட்டுக்கு வெளியே எதிர்ப்பட்டவன் தான் யாரென்று சொல்வதற்குச் சில விநாடிகளைக் கொடுத்தது. அந்த விநாடிகளைத்தான் புதிய சட்டங்கள் எடுத்துவிட்டன.