நிறுத்தி வைத்த கடிகாரமும் சுருக்குமடி வலையும்

வானூர் வட்டத்தின் கடற்கரை கோட்டக்குப்பத்தோடு முடிகிறது. அதற்குத் தெற்கே புதுச்சேரி. ரோட்டில் போகிறவருக்கு எல்லை எங்கே என்று பிராந்திக் கடை வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கடலில் போகிற மத்தி மீனுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் சட்டத்துக்குத் தெரியும். மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 1983-ல் ஒரு சட்டம், புதுச்சேரிக்கு 2008-ல் வேறொரு சட்டம். கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டினால் மத்திய அரசு. ஒரே கடலுக்கு மூன்று முதலாளிகள்! தமிழ்நாடு 2000-த்திலேயே சுருக்குமடி வலையைத் தடை செய்தது. மீன் கூட்டத்தை வளைத்து, அடியில் உள்ள கயிற்றை இழுத்தால் சுருக்குப் பை மாதிரி மூடிக்கொள்ளும் வலை அது. குஞ்சோடு சேர்த்து அள்ளிவிடுகிறார்கள் என்பது சின்னப் படகுக்காரர்களின் கோபம். கடன் வாங்கிப் பல லட்சம் போட்டவர்களுக்கு அதுதான் சோறு. 2021 ஆகஸ்டில் புதுச்சேரியின் நல்லவாடு, வீராம்பட்டினம் மீனவர்கள் இதற்காக மோதிக்கொண்டு, போலீஸ் வானத்தை நோக்கிச் சுடும் அளவுக்குப் போனது.

பல அரசுகள் ஒரு கடலைப் பங்கு போடும் தலைவலி ஐரோப்பாவுக்கும் இருந்தது. அங்கே முதலில் விவசாயம். ஆறு நாட்டு அமைச்சர்கள் பிரஸ்ஸல்ஸில் 1961 டிசம்பர் 31-க்குள் பொதுக் கொள்கையை முடிக்க வேண்டும். முடியவில்லை. கடிகாரத்தை நிறுத்திவிட்டு, இன்னும் 31-ந் தேதிதான் என்று வைத்துக்கொண்டு பேசினார்கள். முடிந்தது 1962 ஜனவரி 14-ல். நடுவில் மூன்று பேருக்கு மாரடைப்பு வந்ததாகக் கணக்கு. (இங்கே அப்போது பொங்கல்!)

மீன் விஷயத்தில் அதே ஆறு நாடுகள் கெட்டிக்காரத்தனம் செய்தன. பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க், நார்வே சேர்வதற்கான பேச்சு 1970-ல் தொடங்குகிற வேளையில், உறுப்பு நாடுகளின் கடலில் எல்லோருக்கும் சம உரிமை என்று முடிவு செய்துகொண்டன. நிறைய மீன் இருந்ததோ வரப்போகிறவர்களிடம். பழைய கூட்டாளிகள் பத்திரம் எழுதி வைத்துவிட்டு, சரக்கோடு வா என்று புதுக் கூட்டாளியைக் கூப்பிட்ட கதை. 1972-ல் நார்வே மக்கள் வாக்கெடுப்பில் வேண்டாம் என்று சொன்னதற்கு மீனும் ஒரு பெரிய காரணம். மற்றவர்கள் வருடக்கணக்கில் சண்டை போட்டு, 1983 ஜனவரி 25-ல்தான் எந்த மீனில் எந்த நாட்டுக்கு எத்தனை சதவீதம் என்று ஒத்துக்கொண்டார்கள். அதன் பிறகு டிசம்பர் தோறும் அமைச்சர்கள் ராத்திரி கண்விழித்து டன் கணக்கு பேசுவது வழக்கமானது. விஞ்ஞானிகள் சொன்னதைவிடக் கூடுதலாகவே பல வருடம் அனுமதித்தார்கள். வடகடலில் காட் மீன் குறைந்தது. ஆக, மேசை போட்டு உட்கார்ந்தால் மீன் பிழைத்துவிடும் என்பதில்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு எல்லோர் கண் முன்னாலும் இருந்தது.

இங்கே கணக்குச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2023 ஜனவரி 24-ல் வந்த இடைக்கால உத்தரவுப்படி, தமிழ்நாட்டின் சுருக்குமடிப் படகுகள் 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணிக்கு மேல் கிளம்பி மாலை 6-க்குள் கரை திரும்ப வேண்டும். போக 22 கிலோமீட்டர், வர 22 கிலோமீட்டர். எத்தனை டன் பிடிக்கலாம், பக்கத்து ஊர்க்காரனுக்கு எவ்வளவு என்ற பேச்சே அதில் இல்லை.

கோட்டக்குப்பத்துக்கும் புதுச்சேரிக்கும் பொதுவாக இருப்பது மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். ஜூன் 15 விடிந்தால் பழையபடி அவரவர் சட்டம்.