ஒலிநாடாவும் உரிமையும்: புத்தளக் கரையோரத்து மஞ்சா இசை பற்றிய சில குறிப்புகள்

மேலைநாடுகளில் 1960களின் பிற்கூற்றிலும் 1970களிலும் எழுச்சிபெற்ற 'முற்போக்கு றொக்' இசைக்குழுக்களின் தொடக்ககால ஒலிநாடாக்கள் இன்று அரும்பொருட்களாகச் சேகரிக்கப்படுகின்றன. இங்கு 'முற்போக்கு' என்னும் அடை இசையின் வடிவத்தைச் சுட்டுவது. நமது இலக்கிய விவாதங்களில் அச்சொல் பெறும் வர்க்கச் சார்பு அதற்கில்லை. அந்நாடாக்கள் சிலவே எடுக்கப்பட்டன. அவற்றை எடுத்த குழுக்கள் பின்னர் புகழ்பெற்றன. இவ்விரண்டும் சேர்ந்தே அவற்றுக்குப் பெறுமதியைத் தந்தன. எனவே அருமை என்பதும் சந்தையின் விளைபொருளே. அவ்வாறாயின், சந்தை பொருட்படுத்தாத ஒரு மக்கட் கூட்டத்தின் ஒலிப்பதிவுகளுக்கு யார் பெறுமதி குறிப்பது? இவ்வினாவைப் புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஆராய முற்படுகிறோம்.

1

புத்தளத்தை அடுத்த சிறாம்பியடி, ஆபிரிக்க வழித்தோன்றல்களான காப்பிரியர் வாழும் ஊராகும். ஆபிரிக்கரை இத்தீவுக்குப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கொணர்ந்தனர். ஆங்கிலேயரும் அவ்வழியே சென்றனர். 1798 முதல் 1805 வரை தேசாதிபதியாக விளங்கிய பிரெட்றிக் நோர்த்தின் காலத்தில் இலங்கைப் படைப்பிரிவுகளில் ஆபிரிக்கர் சேர்க்கப்பட்டனர். காடழித்து வீதியமைக்கும் பணியிலும் அவர்களது உழைப்பு ஈடுபடுத்தப்பட்டது. புத்தளத்தில் நிலைகொண்டிருந்த படையணி 19ஆம் நூற்றாண்டில் கலைக்கப்பட்டபோது, அதனைச் சார்ந்தோர் அப்பகுதியிலேயே குடியமர்ந்தனர்.

இவர்கள் கத்தோலிக்கர். போர்த்துக்கேயக் கிரியோல் இவர்களது தாய்மொழியாக இருந்தது. இன்று அன்றாடப் பேச்சு பெரிதும் சிங்களமாகிவிட்டது. வீட்டிலும் வெளியிலும் வழக்கிழந்த அம்மொழி 'மஞ்சா' எனப்படும் பாடல்களிலேயே தங்கியுள்ளது. பாடுவோர் பலருக்கும் சொற்களின் முழுப்பொருள் தெரியாது. ஆயினும் எவ்விடத்துச் சொல்லை நீட்டுவது, எவ்விடத்துத் தாளத்தை முடுக்குவது என்பதில் அவர்கள் தவறுவதில்லை. பொருள் மறந்த பின்னரும் வடிவத்தை நிலைபெறச் செய்தது கூட்டுப்பயிற்சியே எனலாம்.

2

மஞ்சாவின் அமைப்பு எளிமையானது. ஒருசில அடிகள் மீண்டும் மீண்டும் பாடப்படும். மெதுவாகத் தொடங்கும் பாடல் படிப்படியாக விரைவுகொள்ளும். கூடியிருப்போர் எழுந்து ஆடுவர். றபானையுடன் கரண்டி, கண்ணாடிப் போத்தல், தேங்காய்ச் சிரட்டை ஆகியனவும் வாத்தியங்களாகின்றன. வீட்டுப் பொருட்களே இசைக்கருவிகளாதலின், இசைப்போர் வேறு, கேட்போர் வேறு என்னும் பிரிவினை இங்கு வலுப்பெறவில்லை.

இவ்விடத்து நமது நாட்டார் வழக்கியற் புலமையின் எல்லை ஒன்றைச் சுட்டுதல் வேண்டும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த மட்டக்களப்பு, மன்னார் நாட்டுப்பாடற் தொகுதிகள் ஈழத்துத் தமிழாய்வில் புதுவழி திறந்தன. எனினும் அச்சு சொல்லையே ஏந்தவல்லது. இதே புத்தள மாவட்டத்தின் உடப்பில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலுக்குச் சொல்வளம் உண்டு, அது அச்சேறக்கூடியது. ஆனால் வலையின் பாரமும் இழுப்பின் சீரும் ஏட்டில் இறங்குவதில்லை. சில அடிகளே கொண்ட மஞ்சாவோ, தொகுப்பாளனின் ஏட்டில் ஏறக்குறைய ஒன்றுமேயில்லாது போய்விடும். அதன் செல்வம் தாளத்திலும் முடுகலிலும் உள்ளது. அதனைப் பதிவுசெய்யப் பேனா போதாது, ஒலிநாடா வேண்டும்.

3

ஒலிப்பதிவுத் தொழில் இக்கரையோர இசை மரபுகளை அறியாதிருக்கவில்லை. போர்த்துக்கேயப் பறங்கியரும் காப்பிரியரும் பேணிய கப்ரிஞ்ஞா, மஞ்சா முதலிய ஆடலிசைகளிலிருந்தே பைலா உருவாயிற்று. 'பைலா' என்பது ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. 'கப்ரிஞ்ஞா' என்னும் பெயரோ காப்பிரியரையே சுட்டுகிறது. ஆயினும் பைலாவின் தோற்றத்தைத் தனியொரு சமூகத்துக்கு மட்டும் உரித்தாக்குதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. துறைமுக நகரங்களின் கலப்பு வாழ்க்கையே அதன் விளைநிலம்.

பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வோலி பஸ்தியன் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதனைச் சிங்களப் பாடலாக வளர்த்தெடுத்தார். 1970களில் ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் ஆகியோரின் தமிழ்ப் 'பொப்' பாடல்களிலும் அத்தாளம் ஒலித்தது. மனோகரன் புகழ்பெறச்செய்த 'சுராங்கனி' கடல் கடந்து 1977இல் தமிழ்த் திரைப்படத்திலும் இடம்பெற்றது. கிற்றார் குழுக்கள் அத்தாளத்தை மேடைதோறும் கொண்டுசென்றன. இவ்வளர்ச்சியை இழிவாகக் கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. உழைக்கும் மக்கள் மொழி எல்லை கடந்து ஒரே தாளத்துக்கு ஆடியமை சிறிய செய்தியன்று. ஆனால் தாளம் பயணித்த அளவுக்கு அதனை ஈன்றவர்களின் பெயர் பயணிக்கவில்லை.

4

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகஞ்செய்த ஒலிநாடாப் பேழை, மக்கள் வழக்கில் 'கசற்', இலங்கையில் 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின் பெருகிற்று. மத்திய கிழக்கில் தொழில்செய்து மீண்டோர் கொணர்ந்த பொருட்களுள் கசற் றேடியோ முதன்மையானது. இசைத்தட்டுக்குக் கலையகமும் முதலும் தேவை. கசற் கருவியோ கேட்பதற்கும் பதிவதற்கும் ஒருங்கே உதவியது. நுகர்வோன் உற்பத்தியாளனாகும் வாய்ப்பு அதில் இருந்தது. வட இந்திய அனுபவத்தை முன்வைத்து பீற்றர் மனுவல் 1993இல் வெளியிட்ட நூல் இவ்வாய்ப்பையே விரித்துரைக்கிறது.

ஆனால் அதே கருவியின் இயல்பு அதற்கு எதிராகவும் தொழிற்பட்டது. பேழையின் விளிம்பிலுள்ள இரு சிறு தகடுகளை முறித்துவிட்டாலன்றி, பழைய பதிவின்மேற் புதிய பதிவு ஏறிவிடும். வெற்று நாடா வாங்கப் பணமில்லாத வீட்டில் கலியாண வீட்டு மஞ்சாவின்மேல் அடுத்த மாதத்துத் திரைப்பாடல் ஏறுதல் இயல்பே. எஞ்சியதைக் கரையோரத்து ஈரக்காற்றும் பூஞ்சணமும் அழிக்கவல்லன. ஆகவே மேலைநாட்டுக் குழுவின் நாடா அரிதானதற்கும் இவ்வூர் நாடா அரிதானதற்கும் காரணம் ஒன்றன்று. முன்னையதைப் புகழ் அரிதாக்கிற்று. பின்னையதை வறுமை அரிதாக்கிற்று.

5

இம்மரபின் கணிசமான பதிவுகளும் ஆய்வுகளும் வெளிநாட்டு நிறுவனங்கள் ஊடாகவே உலகறிந்தன. இலங்கையும் உள்ளிட்ட இந்தோ-போர்த்துக்கேயக் கிரியோல் வாய்மொழிப் பாடல்கள் பற்றிய கென்னத் டேவிட் ஜாக்சனின் நூல் 1990இல் வெளிவந்தது. 1998இன் லிஸ்பன் உலகக் கண்காட்சியை ஒட்டி வெளியான இறுவட்டுத் தொடரில் இலங்கைக்கும் ஒரு தட்டு ஒதுக்கப்பட்டது. ஷிஹான் டி சில்வா ஜயசூரியவின் ஆய்வுகள் காப்பிரியர் வரலாற்றை இந்து சமுத்திரப் பின்னணியில் விளக்கின. இவை போற்றத்தக்கன. இவற்றுக்கு ஈடாகத் தமிழ்ப் புலமை செய்தது சொற்பமே.

உரிமைப் பிரச்சினையும் தீரவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பளிக்கின்றது. ஆனால் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் அரசு குறிக்கும் அதிகாரியைச் சார்ந்தது. பாடும் ஊரைச் சார்ந்ததன்று. தனியார் சந்தையில் பெயரிழந்தவர்கள் அரசின் ஏட்டில் 'நாட்டார்' என்னும் பொதுப்பெயர் பெறுகின்றனர். இரு நிலைகளிலும் அவர்கள் உரிமையாளராகவில்லை.

எனவே பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆற்றவேண்டிய பணி தெளிவானது. வீடுகளில் எஞ்சியுள்ள கசற்றுகள் எண்ணிம வடிவுக்கு மாற்றப்படல் வேண்டும். ஒவ்வொரு பதிவுடனும் பாடியோர் விரும்பின் அவர்தம் பெயரும் ஊரும் நிகழ்வும் குறிக்கப்படல் வேண்டும். முதற்பிரதி ஊரிலேயே இருத்தல் வேண்டும். நூலகத்துக்குரியது இரண்டாம் பிரதியே. வெளியீட்டின் வருவாயில் ஊரவர்க்குரிய பங்கு முன்கூட்டியே எழுதப்படல் வேண்டும். இவற்றைச் செய்யாது சேகரித்தல், தேசாதிபதிகள் காலத்தில் உழைப்பைக் கொண்டவர்கள் நடந்த வழியே குரலையும் கொள்வதாகும்.