சவுரியம்மாளும் கித்தேரியும்: தருமபுரிக் கத்தோலிக்கப் பெண் பெயர்களின் வழித்தடம்

தருமபுரிப் பகுதிக் கத்தோலிக்கப் பெண்களின் பெயர்களை ஆராய்வோர் பெரும்பாலும் பொருளிலிருந்தே தொடங்குகிறார்கள். எனக்கு இத்துறையைக் கற்பித்த பேராசிரியரும் வகுப்பில் அப்படித்தான் நிறுவினார். குருக்கள் கொண்டுவந்த இலத்தீன், இஸ்பானியப் பெயர்கள் முதலில் ஒலியளவில் நுழைந்தன. பிறகு வீரமாமுனிவர் காலந்தொட்டு அவற்றின் பொருள் தமிழாக்கப்பட்டது. வியாகுலமேரி, அமலோற்பவம், செபமாலைமேரி எல்லாம் அந்த மொழிபெயர்ப்பின் விளைச்சல் என்பது அவர் வாசிப்பு. அவர்மீதுள்ள மதிப்பு சிறிதும் குறையாமலே இதை மறுக்க வேண்டியிருக்கிறது.

அவருடைய சான்றுகள் வலுவற்றவை அல்ல. இலத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர். தமிழில் சின்னப்பர் ஆனார். பேதுரு கல், தெலுங்கில் கல்லுக்கு 'ராயி' என்று பெயர் இருப்பதால் இராயப்பர். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும் தருமபுரியில் இந்தப் பெயர் விளங்காமல் போயிருக்காது. யோவான் அருளப்பர் ஆனார். யோசேப்பு 1726இல் முடிந்த வீரமாமுனிவரின் தேம்பாவணியில் வளன் ஆனார். இந்த வரிசையைக் கேட்ட மாணவர் எவரும் தலையசைக்கத்தான் செய்வார்.

ஆனால் இவை அத்தனையும் ஆண் பெயர்கள். ஆண்களிலும் விதி முழுமையாகப் பொருந்தவில்லை. ஞானப்பிரகாசியார் என்று நாம் வழங்கும் அலோசியுஸ் கொன்சாகாவின் பெயர் ஜெர்மானிய வேர் கொண்டது, போர்ப்புகழைக் குறிப்பது, அதில் ஞானமும் இல்லை, பிரகாசமும் இல்லை.

பெண் பெயர்களுக்கு வந்தால் பேராசிரியரின் விதி மேலும் தளர்கிறது. கார்மென் என்பதற்குப் பெயர்ப் பட்டியல்கள் 'பாட்டு' என்று பொருள் எழுதுகின்றன. இலத்தீன் அகராதிப்படி அது சரிதான். ஆனால் இஸ்பானியப் பெண்ணுக்கு அந்தப் பெயர் அகராதியிலிருந்து வரவில்லை. கார்மேல் மலை மாதாவின் பட்டத்திலிருந்து வந்தது. தமிழிலும் யாரும் பாட்டம்மாள் என்று பெயரிடவில்லை; கார்மேல்மேரி என்றே இட்டார்கள். ரொசாரியோவின் மூலச்சொல் ரோசாத் தோட்டத்தைக் குறிக்கும். நம்மிடம் அது செபமாலைமேரி. டொலோரெஸ் என்பது 'துயரங்களின் மரியா'வின் சுருக்கம். நியேவெஸ் 'பனிகளின் மரியா'வின் சுருக்கம். இவற்றுக்கு நேராக நிற்பவை வியாகுலமேரியும், தூத்துக்குடிக் கரையில் வழங்கும் பனிமயமும். ஆக, தமிழுக்கு வந்தவை பெயரின் பொருள் அல்ல, மாதாவின் திருநாட்பட்டங்கள். இஸ்பானியமும் தமிழும் ஒரே இலத்தீன் நாட்காட்டியிலிருந்து தனித்தனியே எடுத்துக்கொண்டிருக்கின்றன. அங்கே மரியா உதிர்ந்து டொலோரெஸ் மட்டும் நின்றதைப் போலவே இங்கே மேரி உதிர்ந்து வியாகுலமும் அமலோற்பவமும் நின்றன. ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்ததாகக் கொள்ளத் தேவையே இல்லை.

அப்படியானால் இபேரிய மூச்சு நேராகப் பட்ட பெண் பெயரே நம்மிடம் இல்லையா? இரண்டு இருக்கின்றன.

முதலாவது கித்தேரி. குயித்தேரியா இபேரியத் தீபகற்பத்தின் கன்னி மறைசாட்சி. ஒரே பேற்றில் பிறந்த ஒன்பது சகோதரிகளில் ஒருத்தி என்பது மரபு. திருநாள் மே 22. இவர்மீது வீரமாமுனிவர் கித்தேரியம்மாள் அம்மானை பாடினார். என்னை நிறுத்திய இடம் அப்பெயரின் முதலெழுத்து. இலத்தீனை இத்தாலியர் வாயால் கேட்டால் 'குவி' என்ற ஒலி வரும். போர்த்துக்கீசியரும் இஸ்பானியரும் சொன்னால் 'கி' வரும். இத்தாலியரான முனிவர் தம் நூலில் வைத்திருப்பதோ 'கி'. அவருக்கு முன்பே இப்பெயர் கடற்கரைக் கிறித்தவர் வாயில் நிலைபெற்றிருந்தது, அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார் என்று நான் கருதுகிறேன். பெயர்த் தமிழாக்கத்தின் தலைவராகப் பேராசிரியர் காட்டியவரே இங்கே பெயரை மொழிபெயர்க்கவில்லை என்பதும் கவனத்துக்குரியது. இதற்கு எதிர்வாதம் உண்டு. முனிவர் லிஸ்பனில் கப்பலேறி 1710இல் கோவா சேர்ந்தவர், போர்த்துக்கீசியம் அறிந்தவர், 'கி'யை அவரே அங்கிருந்து கொண்டுவந்திருக்கலாம். ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு அதை முற்றாக விலக்க முடியாது. ஆயினும் அம்மானை கற்றோருக்கான காப்பியம் அல்ல, பாடிக் கேட்கும் வடிவம். கேட்போருக்குப் பழகாத பெயரை அவர் தலைப்பில் வைத்திருப்பாரா என்பது என் கேள்வி.

இரண்டாவது சவுரியம்மாள். தருமபுரிக்கு அண்மையிலுள்ள பழைய கத்தோலிக்க ஊரான கோவிலூரின் பாதுகாவலர் சவேரியார். அவர் பிறந்த நவார நாட்டுக் கோட்டையின் பெயர்தான் அவர் பெயர். பாஸ்கு மொழியில் 'புதுவீடு'. இலத்தீன் ஆ ஈறு சேர்த்து சவேரியா என்று பெண்ணாக்கியது; இஸ்பானியம் ஹவியேரா என்றது; தமிழ் 'அம்மாள்' சேர்த்துச் சவேரியம்மாள், சவரியம்மாள், சவுரியம்மாள் என்றது. கர்நாடக எல்லையைத் தாண்டினால் இதுவே சௌரம்மா. 'சவுரி' என்ற வடிவைச் சௌரியம் என்ற வடசொல்லோடு பேராசிரியர் முடிச்சுப்போட்டார். வீரத்தாய் என்று பொருளும் சொன்னார். அழகான விளக்கம், ஆனால் ஏற்க முடியவில்லை. அதே ஊர்களில் ஆண்களுக்குச் சவுரியப்பன், சவரிமுத்து என்று ஒரே வேர் நடமாடுகிறது; அனைத்தும் புனிதரையே சுட்டுகின்றன.

ஒலி இங்கும் ஒன்று சொல்கிறது. போர்த்துக்கீசியர் அப்பெயரை 'ஷ' ஒலியோடு தொடங்குவர். பிரெஞ்சுக்காரர் 'க்ஸ' என்பர். இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்ட பின், 1776 முதல் அச்சபையின் இங்குள்ள மறைப்பணி பாரிஸ் வேதபோதக சபையினர் கைக்கு மாறியது. பெயரை அவர்கள் கற்றுத்தந்திருந்தால் தமிழில் மெல்லிய சகரம் நின்றிருக்க வாய்ப்புக் குறைவு. எனவே 'சவரி', 'சவுரி' என்னும் வடிவங்கள் பிரெஞ்சுக் குருக்களுக்கு முந்தியவையாக இருக்கலாம் என்று கருதுகிறேன். தருமபுரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதியில் அவை எப்போது வேரூன்றின என்பது வேறு கேள்வி. இயேசு சபையினரின் மைசூர் மிஷன் காலத்தில் வந்திருக்கலாம். தெற்கிலிருந்து குடிபெயர்ந்த குடும்பங்கள் பின்னர் கொண்டுவந்திருக்கலாம்.

காலத்தை உறுதியாகப் பிடிக்க உதவும் பெயர் ஒன்றுதான்: லூர்துமேரி. இஸ்பானியத்திலும் லூர்தெஸ் பெண் பெயரே. லூர்து காட்சிகள் நடந்தது 1858. அதற்கு முன் அந்தப் பெயர் எங்கும் இருந்திருக்க முடியாது. பொம்மிடிக்கு அருகில் பி.பள்ளிப்பட்டி லூர்து மாதா திருத்தலம் இருப்பதால் இம்மாவட்டத்தில் அது பெருகியதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. சவுரியம்மாளுக்கு அப்படி ஒரு கீழெல்லை கிடைப்பது சவேரியார் புனிதராக்கப்பட்ட 1622 மட்டுமே; மேலெல்லை, மேற்சொன்ன ஒலிக்காரணம் சரியானால், 1776ஐ ஒட்டி. அதுவும் தமிழ்நாட்டு வடிவத்துக்கான எல்லைகளே அன்றித் தருமபுரி வழக்குக்கானவை அல்ல. பதிவேட்டில் ஒரு பெயரைக் கண்டாலும் அந்த ஆண்டு பெயரின் வயதாகாது. பாட்டி பெயரைப் பேத்திக்கு இடுவது நம் வழக்கம். குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு எத்தனை தலைமுறை முன்பிருந்தே அந்தப் பெயர் வீட்டில் கூப்பிடப்பட்டது என்பதைப் பதிவேடு எழுதிவைப்பதில்லை. 1622க்கும் 1776க்கும் இடையிலான அந்த இடைவெளி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நீள்கிறது. இப்போதைக்கு அதைக் குறுக்க என்னிடம் சான்று இல்லை.