அண்ணல் கடல் கடந்த வரலாறு

டாக்டர் அம்பேத்கர் அவர்களின் பெயரை எழுதும்போது, அதன் பின்னே எம்.ஏ., பிஎச்.டி., எம்.எஸ்சி., டி.எஸ்சி., பார்-அட்-லா என்று பட்டங்களை வரிசையாக அடுக்குவது நம் மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் வழக்கமாக இருந்து வருகிறது. பெருமையோடு எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். ஆனால், அப்பட்டங்கள் யாவும் ஒரே மூச்சில், ஒரே பயணத்தில் வந்து சேர்ந்தவை என்ற எண்ணத்தை அவ்வரிசை உண்டாக்கிவிடுகிறது. உண்மையில் அக்கல்வி ஒரு மரணத்தை அடுத்துத் தொடங்கியது; நடுவிலே அறுந்தது; கடனையும் பட்டினியையும் கொண்டு மீண்டும் முடிச்சிடப்பட்டது. கல்விக்கென்றே தோன்றிய ஒரு சங்கத்தின் வெள்ளி விழா மலரில், வெற்றியைக் காட்டிலும் அந்த முடிச்சைப் பற்றிச் சொல்வதே தக்கது என்று கருதுகிறேன்.

அண்ணலின் தந்தையார் சுபேதார் இராம்ஜி சக்பால், இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பம்பாய் பரேல் பகுதியில், தொழிலாளர் குடியிருப்பின் ஒற்றை அறையிலே குடும்பம் வாழ்ந்தது. சமையலும் உறக்கமும் படிப்பும் அவ்வோர் அறைக்குள்ளேதான். மாலையிலேயே மகனை உறங்கச் செய்துவிட்டு, நள்ளிரவு கடந்து 2 மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பார் தந்தை. அந்த நேரத்தில்தான் அவ்வறையில் அமைதி கிட்டும். மகன் கேட்ட புத்தகத்தை வாங்கக் கையில் பணம் இல்லாதபோது, மணமாகிச் சென்ற தம் பெண்களிடம் போய் நிற்பார். அவர்களிடமும் பணம் இல்லையெனில், நகையைப் பெற்று அடகு வைத்துப் புத்தகத்தோடு திரும்புவார். அடகு மீட்பது ஓய்வூதியம் வந்த பிறகு. இத்தகைய தந்தையர் நம் சேரிகளிலும் இருந்தனர், இருக்கின்றனர். அவர்களைப் பற்றி எழுத ஆள் இல்லை என்பதே வேறுபாடு.

1907-இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது, கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்னும் பெரியவர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்து வாழ்த்தினார். பின்னர் அவரே பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் இம்மாணவருக்காகப் பரிந்து பேசினார். மன்னர் அளித்த திங்கள் 25 ரூபாய் உதவித் தொகையால் எல்பின்ஸ்டன் கல்லூரிப் படிப்பு நடந்தேறியது. பி.ஏ. பட்டம் பெற்று, 1913 சனவரியில் அண்ணல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார்.

சேர்ந்து இரண்டு வாரங்கூட நிறைந்திருக்காது. தந்தை நோயுற்றிருப்பதாகத் தந்தி வந்தது. உடனே புறப்பட்டார். வழியில் சூரத் நிலையத்தில், தந்தைக்கு இனிப்பு வாங்கிச் செல்ல விரும்பி இறங்கினார். அதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது. மறுநாள்தான் பம்பாய் வந்து சேர முடிந்தது. 1913 பிப்ரவரி 2-ஆம் நாள் இராம்ஜி மறைந்தார்.

இந்த இடத்தில் படிப்பவர் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தாய் பீமாபாயை அவர் சிறு பிள்ளையாக இருந்தபோதே இழந்தவர். இப்போது தந்தையும் இல்லை. வீட்டில் இளம் மனைவி இரமாபாய். பிறந்து இரண்டு மாதமே ஆகியிருந்த குழந்தை யஷ்வந்த். கையில் ஒரு பட்டம், அரசு வேலை. இந்நிலையில் நம் வீடுகளில் என்ன நடக்கும்? உற்றார் கூடி, “படித்தது போதும், குடும்பத்தைப் பார்” என்பார்கள். அதில் தவறும் இல்லை. பசிக்கிற வீட்டில் அதுவே நியாயமாகத் தோன்றும். எத்தனை பிள்ளைகளின் படிப்பு, தந்தையின் கருமாதியோடு முடிந்தது என்பதை நம் சங்கத்தின் பழைய பதிவேடுகளைப் புரட்டினாலே காணலாம்.

கொலம்பியா பல்கலைக் கழகத்திற்கு மாணவர் சிலரை அனுப்பப் பரோடா மன்னர் எண்ணியிருந்தார். அண்ணல் விண்ணப்பித்தார். 1913 ஜூன் 4-ஆம் நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்தாயிற்று: மூன்றாண்டுகளுக்குத் திங்கள்தோறும் 11 பவுன் 10 ஷில்லிங், படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்தாண்டு ஊழியம். அவ்வாண்டு ஜூலை மூன்றாம் வாரத்தில், 22 வயது இளைஞராக நியூயார்க் நகரில் இறங்கினார். தந்தை இறந்து ஆறு திங்களும் நிறையவில்லை.

அமெரிக்க நாட்களைப் பலர் விரிவாக எழுதியுள்ளமையால் சுருங்கக் கூறுகிறேன். உதவித் தொகையிலிருந்தே வீட்டுக்கும் பணம் அனுப்பினார். எஞ்சியதில் வயிற்றுக்குக் கொஞ்சம், பழைய புத்தகக் கடைகளுக்கு மிகுதி. 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே 9-ஆம் நாள், இந்தியாவில் சாதிகள் தோன்றிய முறை பற்றிய புகழ் பெற்ற ஆய்வுரையைப் பேராசிரியர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில் படித்தார். அவ்வாண்டே இலண்டன் சென்று பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். ஓராண்டு செல்வதற்குள் உதவித் தொகையின் காலம் முடிந்தது. திரும்பி வருமாறு பரோடாவிலிருந்து ஆணை வந்தது.

படிப்பு அறுந்தது. ஆயினும், 1917 அக்டோபரிலிருந்து நான்கு ஆண்டுகளுக்குள் வந்து தொடரலாம் என்ற இசைவைப் பேராசிரியர் எட்வின் கேனனின் துணையோடு பெற்றுக்கொண்டுதான் புறப்பட்டார். கையில் காசில்லாதவர், திரும்பி வருவதற்கான வாயிலைத் திறந்து வைத்துவிட்டு வந்தார் என்பதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

அது முதல் உலகப் போர்க் காலம். அவர் ஒரு கப்பலிலும், அவருடைய பெட்டிகளும் நூல்களும் வேறொரு கப்பலிலும் வந்தன. சாமான் வந்த கப்பல் குண்டுக்கு இரையாகி மூழ்கியது. அச்செய்தி கேட்டு வீட்டார் துடித்தனர். 1917 ஆகஸ்டு 21-ஆம் நாள் அவர் பம்பாயில் உயிரோடு இறங்கினார். மூழ்கிய பொருளுக்கு ஈடாகக் கிடைத்த 600 ரூபாயைக் கொண்டே பரோடாவுக்குப் பயணப்பட வேண்டியிருந்தது!

பரோடாவில் நிகழ்ந்ததை அண்ணலே எழுதி வைத்துள்ளார். தங்குவதற்கு இடம் தருவார் இல்லை. பார்சி ஒருவரின் பெயரைச் சொல்லிப் பார்சி விடுதியொன்றில் தங்கினார். பதினோராம் நாள் காலை, அலுவலகத்திற்குப் புறப்படும் வேளையில், கையில் தடியேந்திய ஒரு கூட்டம் மாடியேறி வந்து, மாலைக்குள் வெளியேறுமாறு மிரட்டியது. நண்பர் இருவரிடம் புகலிடம் கேட்டார். இருவரும் ஏதேதோ காரணம் சொன்னார்கள். பொதுப் பூங்கா ஒன்றில் அமர்ந்திருந்துவிட்டு, இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார். ஒப்பந்தத்தில் பத்தாண்டு என்று எழுதியிருந்தது. ஊரோ அவருக்குப் பதினோரு நாள்தான் அளித்தது.

இதன் பின்னரும் மீண்டும் கப்பலேறியதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. முதற்பயணத்தில் ஒரு மன்னர் துணை இருந்தார். இரண்டாவது பயணத்திற்கு அதுவும் இல்லை. 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். திங்கள் 450 ரூபாய் ஊதியம். ஆயினும் குடும்பம் பரேல் குடியிருப்பை விட்டு நகரவில்லை. வீட்டுக்கென்று அளந்து கொடுத்த சிறு தொகையில் இரமாபாய் அம்மையார் குடித்தனம் நடத்த, மீதம் கடற்பயணத்திற்காகச் சேர்ந்தது. 1920 மார்ச்சில் வேலையை விட்டார். கோல்காப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். கொலம்பியாவில் உடன் தங்கியிருந்த நண்பர் நவல் பத்தேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். ஜூலையில் கப்பல் புறப்பட்டது.

இலண்டனில் காலை முதல் மாலை வரை பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகம். விடுதியில் கிடைத்தது அரை வயிற்று உணவு. நம்மவர் ஒருவர் கொடுத்திருந்த அப்பளக் கட்டிலிருந்து இரவில் நான்கை எடுத்துத் தகரத் தட்டில் வாட்டித் தின்றுவிட்டு, விடியும் வரை படிப்பார் என்று வரலாற்றாசிரியர் தனஞ்செய் கீர் குறிப்பிடுகிறார். 1921-இல் எம்.எஸ்சி., 1922-இல் பாரிஸ்டர். டி.எஸ்சி. ஆய்வேட்டைத் திருத்தி எழுதுமாறு தேர்வாளர்கள் கூறியபோது பணம் தீர்ந்திருந்தது. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, இங்கிருந்தே திருத்தி அனுப்பினார். நவம்பரில் ஏற்கப்பட்டது.

இவ்வாண்டுகளில் பரேல் அறைகளில் நடந்தது எந்தப் பல்கலைக் கழக ஏட்டிலும் பதிவாகவில்லை. அண்ணல் பட்டினியோடு படித்தார். இரமாபாய் பட்டினியோடு காத்திருந்தார். தம் மக்களில் யஷ்வந்த் ஒருவரைத் தவிர மற்ற அனைவரையும் குழந்தைப் பருவத்திலேயே மண்ணுக்குக் கொடுத்த தாய் அவர். பட்டங்களின் வரிசையில் அவருக்கும் பங்குண்டு என்று சொன்னால் மிகையாகாது.

ரூபாயின் சிக்கலைப் பற்றிய அந்த ஆய்வேடு 1923 இறுதியில் இலண்டனில் நூலாக வெளிவந்தது. தம் கல்விக்காகத் தாய் தந்தையர் செய்த தியாகங்களை நினைந்து, அந்நூலை அவர்களுடைய நினைவுக்கே அண்ணல் காணிக்கையாக்கினார். இரமாபாய் அம்மையார் 1935 மே 27-ஆம் நாள் காலமானார். நட்பும் துணையும் அற்றிருந்த வறுமை நாட்களில் தம்மோடு சேர்ந்து துன்பம் தாங்கியவர் என்று குறித்து, பாகிஸ்தான் பற்றிய தம் நூலை அவருக்கு அண்ணல் காணிக்கையாக்கியது, அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின்னர், 1940-இல்.