கடிவாளத்தின் நுனியில் ஒரு சவுக்கு

எங்களில் கனபேருக்குக் கௌபோய் அறிமுகமானது லயன், முத்து கொமிக்ஸ் வழியாகத்தான். டெக்ஸ் வில்லர், லக்கி லூக், கேப்டன் டைகர் என்று அண்ணாமார் வாசித்துக் கிழித்த புத்தகங்களை நாங்கள் ஒட்டி வைத்து வாசித்தோம். அந்தப் பக்கங்களில் துப்பாக்கி நல்ல விபரமாகக் கீறப்பட்டிருக்கும். குதிரையை ஓட்டுகிற கடிவாளம்? கையிலிருந்து குதிரையின் வாய் வரைக்கும் இரண்டு கோடு. அவ்வளவுதான்.

அந்த இரண்டு கோட்டைப் பற்றித்தான் இங்கே கதைக்கப் போகிறோம். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், முக்கியமாகக் கலிபோர்னியாவில், மாடு மேய்த்தவர்களின் கடிவாளமும் சவுக்கும் எங்கிருந்து வந்தன, அவற்றை யார் பின்னினார்கள் என்று தேடிப் போனால், கொமிக்ஸில் கதாநாயகர்களாக வராத ஆட்கள் வரிசையாக வந்து நிற்கிறார்கள்.

முதலில் பொருளைப் பார்ப்போம்.

பழைய கலிபோர்னியக் கடிவாள வார் பதனிடாத மாட்டுத்தோலால் பின்னப்பட்டது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டும் சவாரி செய்பவரின் கைக்குக் கிட்ட வந்து ஒன்றாகச் சேரும். சேர்ந்த இடத்திலிருந்து மூன்றடிக்கும் கூடிய நீளத்தில் இன்னொரு பின்னல் வால் மாதிரித் தொங்கும். நுனியில் ஒரு தோல் துண்டு. இந்த வாலின் பெயர் ரொமால். அதாவது, சவுக்கு தனிப்பொருள் இல்லை. கடிவாளத்தின் நுனியே சவுக்கு. ஒரு கை வார்களைப் பிடிக்கும், மற்றக் கை ரொமாலைப் பிடிக்கும்.

டெக்சாஸ் பக்கம் வேறு மாதிரி. அங்கே இரண்டு வாரும் சேர்வதில்லை. இறங்கி வாரை நிலத்தில் போட்டால் அந்த இடத்திலேயே நிற்கக் குதிரையைப் பழக்கியிருப்பார்கள். சவுக்கு வேண்டுமென்றால் குவேர்ட் என்ற குட்டைச் சவுக்கு: மணிக்கட்டில் மாட்ட ஒரு வளையம், ஓரடி அளவில் பின்னிய கைப்பிடி, நுனியில் இரண்டு தோல் நாக்கு. சிலவற்றில் பாரத்துக்காகக் கைப்பிடிக்குள் ஈயக் குண்டு வைத்துப் பின்னுவார்கள்.

பின்னுவது லேசான வேலையில்லை. தோலின் மயிரைச் சுரண்டி, வட்டமாக வெட்டி, ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருளாக அறுத்துக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் ஒட்டுப்போடாத நீண்ட இழை கிடைக்கும். அதை ஒரே அகலத்துக்குச் சீவி, ஓரத்தைச் சரித்து, அளவான ஈரத்தோடு பின்ன வேண்டும். ஈரம் கூடினால் காய்ந்த பிறகு பின்னல் தளரும். குறைந்தால் இறுகாது. நாலு புரி, எட்டு, பன்னிரண்டு, பதினாறு என்று புரி கூடக்கூட வேலை நுணுக்கமாகும். இவ்வளவு பாடுபட்டுப் பின்னியது தண்ணீரில் ஊறினால் பழுதாகிவிடும். அதனால்தான் குதிரை தண்ணீர் குடிக்கிற நேரம் வார் நனையாமல் இருக்க, வாய் இரும்புக்கும் வாருக்கும் நடுவில் சின்னச் சங்கிலி கோர்த்தார்கள்.

இனி இந்தப் பொருட்களின் பெயர்களுக்கு வருவோம். எங்களுக்குக் கதை தொடங்கியதே இந்தப் பெயர்களில்தான்.

ரொமால் என்பது கிளை என்ற பொருளுள்ள ‘ரமால்’ என்ற ஸ்பானியச் சொல். குவேர்ட் என்பது மெக்சிக்கோ ஸ்பானியத்தின் ‘குவார்த்தா’. சுருக்குக் கயிறான லாரியட், ‘லா ரியாத்தா’. வாய் இரும்பு இல்லாமல் மூக்குப் பட்டையால் ஓட்டுகிற ஹக்கமோர், ஸ்பானியத்தில் ‘ஹாக்கிமா’. அதுவும் அரபியிலிருந்து ஸ்பெயினுக்குள் போன சொல். 711இல் இருந்து 1492 வரை ஐபீரியத் தீபகற்பத்தில் முஸ்லிம் அரசுகள் இருந்தன. வட ஆபிரிக்கக் குதிரை வீரர்களிடமிருந்துதான் கால் வளையத்தைக் குட்டையாக்கி, லேசான கையால் குதிரையைத் திருப்புகிற சவாரி முறையை ஸ்பானியர் பழகினார்கள். ஹக்கமோரோடு சேர்த்துக் கட்டுகிற குதிரைமயிர்க் கயிற்றுக்கு ‘மெக்காத்தே’ என்று பெயர். அது அஸ்டெக் மக்களின் நஹுவாட்டல் மொழிச் சொல். ஆங்கிலம் பேசியவர்கள் அதை ‘மெக்கார்ட்டி’ ஆக்கிவிட்டார்கள், ஏதோ ஐரிஷ்காரர் ஒருவர் கண்டுபிடித்தது மாதிரி!

கௌபோய்க்கு இன்னொரு பெயரான ‘பக்கரூ’வும் அப்படித்தான். ‘வாக்கா’ என்றால் ஸ்பானியத்தில் பசு. ‘வக்கேரோ’ என்றால் மாட்டுக்காரன். வக்கேரோ ஆங்கில வாயில் நுழைந்து பக்கரூ ஆனது. அரபி, ஸ்பானியம், நஹுவாட்டல். ஒரு குதிரையின் தலையில் மட்டும் இத்தனை மொழி ஏறி இருக்கிறது.

இதில் ஒரு கொடுமையான வேடிக்கை உண்டு. அமெரிக்கக் கண்டங்களில் குதிரை இனம் சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டது. திரும்ப அது வந்தது கப்பலில். 1493இல் கொலம்பஸின் இரண்டாவது பயணத்தில் கரீபியனுக்கும், 1519இல் கோர்த்தேஸோடு மெக்சிக்கோவுக்கும். கோர்த்தேஸிடம் இருந்தது 16 குதிரைதான். குதிரையையே கண்டிராத மக்கள் முன்னால் அது பெரிய ஆயுதம். அந்த ஆயுதம் கை மாறக்கூடாது என்பதற்காக, பூர்வகுடி மக்கள் குதிரை ஏறுவதை ஸ்பானிய ஆட்சி தடைசெய்தது. தங்களோடு கூட்டுச்சேர்ந்த பிரபுக்கள் சிலருக்கு மட்டும் அனுமதி கொடுத்தது.

பிறகு மாடு பெருகியது. வேலியில்லாத நிலத்தில் ஆயிரக்கணக்கில் திரிகிற மாட்டைக் கால்நடையாக மேய்க்க முடியாது. ஸ்பானியப் பிரபுக்கள் மாடு மேய்க்கத் தயாராகவும் இல்லை. என்ன செய்யிறது? தடை தளர்ந்தது. பூர்வகுடிகளும், கலப்பினத்தவரும், ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் குதிரையில் ஏறினார்கள். குதிரை ஏறக்கூடாது என்று சொல்லப்பட்டவர்களே, கொஞ்சக் காலத்தில் அந்த நாட்டின் சிறந்த குதிரைக்காரர்கள் ஆனார்கள்.

1769இல் சான் டியேகோவில் தொடங்கி 1823 வரை ஸ்பானியப் பாதிரிமார் கலிபோர்னியக் கரையோரமாக 21 மிஷன்களைக் கட்டினார்கள். அவற்றின் மாட்டு மந்தைகளைப் பார்த்தவர்கள் அங்கே சேர்க்கப்பட்ட பூர்வகுடி ஆட்கள். உள்ளே வந்தவர் நினைத்தபடி வெளியே போக முடியாது; ஓடினால் பிடித்துவந்து அடிப்பார்கள். 1786இல் அங்கே போன பிரெஞ்சுக் கடலோடி லா பெரூஸ், தான் பார்த்த மிஷனைக் கரீபியனின் அடிமைத் தோட்டத்தோடு ஒப்பிட்டு எழுதினார். விலங்கு பூட்டப்பட்டவர்களைக் கண்டதையும் சவுக்கடியையும் பதிந்து வைத்தார். தோலைப் பின்னிச் சவுக்கு ஆக்கியவரும், சவுக்கடி வாங்கியவரும் ஒரே சனம்தான்.

அந்த மாடுகள் முக்கியமாக வளர்க்கப்பட்டது இறைச்சிக்கு இல்லை, தோலுக்கும் கொழுப்புக்கும். பொஸ்டனிலிருந்து கப்பல்கள் வந்து தோலை ஏற்றிப் போயின. ரிச்சர்ட் ஹென்றி டானா அப்படியொரு கப்பலில் வேலைசெய்து, 1840இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். தோல் அங்கே காசு மாதிரியே புழங்கியது. தங்கள் மாட்டின் தோலிலேயே செய்த சப்பாத்தைக் கலிபோர்னியர் திரும்பக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று அவர் கேலியாக எழுதுகிறார். இந்தப் பொருளாதாரம் நமக்குப் புதிசில்லை.

இந்தச் சூழலில்தான் கலிபோர்னியக் குதிரைக் கலை வளர்ந்தது. இளம் குதிரைக்கு முதலில் மூக்குப் பட்டை மட்டும். வாய்க்குள் இரும்பு போகாது. கொஞ்சக் காலத்துக்குப் பிறகு மெல்லிய மூக்குப் பட்டையும் வாய் இரும்பும் சேர்ந்து, இரண்டு சோடி வாரோடு. கடைசியில்தான் வாய் இரும்பும் ரொமால் கடிவாளமும் மட்டும். ஐந்து வருடம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அந்த வாய் இரும்பு பார்க்கப் பயங்கரமானது. அவசரக்காரன் கையில் குதிரையின் வாயைக் கிழித்துவிடும். அதனாலேயே அதைத் தொட முதல் இத்தனை வருடப் பழக்கம். பழகிய குதிரையின் வாரை இழுக்கத் தேவையில்லை. கழுத்தில் வார் லேசாகச் சாய்ந்தாலே திரும்பும். நுனியில் சவுக்கு இருந்தும் அடிக்கத் தேவையில்லாத அளவுக்குக் குதிரையைப் பழக்குவதுதான் வக்கேரோவின் பெருமை.

1848இல் கலிபோர்னியா அமெரிக்காவின் கைக்குப் போனது. 1850இல் அந்த மாநிலம் கொண்டுவந்த ஒரு சட்டத்தின் பெயர், பூர்வகுடிகளின் ஆட்சிக்கும் ‘பாதுகாப்பு’க்குமான சட்டம். அவர்களைக் கட்டாய வேலைக்குப் பிடிக்க அது வழிசெய்தது. குதிரையோ மாடோ களவெடுத்த பூர்வகுடிக்கு 25 சவுக்கடி வரை கொடுக்கலாம் என்றும் அதில் இருந்தது. முந்தைய தலைமுறையில் அந்த மந்தைகளைக் கட்டி மேய்த்தவர்களின் பிள்ளைகளுக்கு எழுதப்பட்ட சட்டம் இது. 1862 தொடக்கம் 1864 வரையான வரட்சியில் மாடுகள் செத்தன, பழைய பெரிய பண்ணைகள் பல உடைந்தன. வக்கேரோக்கள் கூலி வேலைக்குச் சிதறினார்கள்.

ஆனால் கலை வேறு இடங்களுக்கும் போயிருந்தது. 1830களின் தொடக்கத்தில் ஹவாய் அரசர் மூன்றாம் கமேஹமேஹா காலத்தில், காட்டு மாடுகளைப் பிடிக்கப் பழக்குவதற்கு வக்கேரோக்கள் அங்கே அழைக்கப்பட்டார்கள். ‘எஸ்பன்யோல்’ என்ற சொல் ஹவாய் நாக்கில் ‘பனியோலோ’ ஆகி, அங்கே மாடு மேய்ப்பவர்களின் பெயரானது. 1908இல் வயோமிங்கின் ஷயான் நகரில் நடந்த புகழ்பெற்ற ரோடியோவில் ஹவாயைச் சேர்ந்த இக்குவா பர்டி மாட்டைச் சுருக்குப்போட்டு விழுத்தும் போட்டியில் வென்றார். டெக்சாஸிலிருந்து வடக்கே மாடு ஓட்டியவர்களிலும் நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்கள் பலகாலமாகச் சொல்லிவரும் மதிப்பீடு. ஆனால் 1883இல் தொடங்கிய பஃபலோ பில்லின் காட்சியும், பிறகு ஹொலிவூட்டும் உலகத்துக்குக் காட்டிய கௌபோயின் முகம் பெரும்பாலும் வெள்ளை முகம்.

முகத்தை மாற்றலாம். பின்னலை மாற்றுவது கஷ்டம். 20ஆம் நூற்றாண்டில் தோல் பின்னலுக்குப் பெயர்பெற்ற லூயிஸ் ஓர்த்தேகா, 1897இல் பிறந்த கலிபோர்னிய வக்கேரோ பரம்பரைக்காரர். அவர் சிறுவயதில் இந்த வேலையைக் கற்றது சுமாஷ் பூர்வகுடியைச் சேர்ந்த பெர்னாண்டோ லிப்ராடோ என்ற முதியவரிடம். 1986இல் அமெரிக்க அரசு ஓர்த்தேகாவுக்குத் தேசிய மரபுக் கலைஞர் விருது கொடுத்தது. விருதுப் பட்டியலில் லிப்ராடோவின் பெயர் இராது. அவருடைய கைப்பழக்கம் ஓர்த்தேகாவின் ஒவ்வொரு புரியிலும் இருந்திருக்கும்.

வரலாற்றை நாங்கள் பெரும்பாலும் சட்டங்களிலும் ஒப்பந்தங்களிலும் தேடத்தான் பழகியிருக்கிறோம். அவற்றை எழுதியவர்கள் வென்றவர்கள். பொருட்களும் சொற்களும் அப்படியில்லை. ஆளைப் படத்திலிருந்து வெட்டினாலும், அவர் வைத்த பெயர் பொருளில் ஒட்டிக்கொண்டே வருகிறது.

நம் ‘சவுக்கு’ம் பாரசீகத்தின் ‘சாபுக்’கிலிருந்து வந்ததுதான். அதே சொல் மலாய் வழியாகத் தென்னாபிரிக்காவுக்குப் போய் ‘ஷாம்பொக்’ ஆனது. நிறவெறி ஆட்சியின் பொலிசார் ஊர்வலங்களை அடித்துக் கலைத்தது அதனால்தான். சவுக்கு மாதிரி நாம் யோசிக்காமல் சொல்லுகிற சொற்களுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று தேட, நம்மிடமும் நிறைய வேலை இருக்கிறது.

அடுத்தமுறை டெக்ஸ் வில்லரைக் கையில் எடுத்தால், துப்பாக்கியைக் கொஞ்சம் விடுங்கள். அந்த இரண்டு கோட்டைப் பாருங்கள்.