கெபாயாவை அளந்தெடுக்கும் கலை

கல்லையும் செப்பேட்டையும் வைத்துச் சரித்திரம் எழுதப் பழகிய நமக்குத் துணியை வைத்தும் எழுதலாம் என்று எளிதில் தோன்றுவதில்லை. தோன்றாததற்கு நியாயமும் உண்டு. மலாக்காவைப் போன்ற கடற்கரை ஊரில் ஈரக்காற்றும் பூஞ்சணமும் கரப்பானும் கூடி, நூறு வருஷத்துக்கு முந்திய மெல்லிய வஸ்திரம் ஒன்றை விட்டுவைப்பதே அபூர்வம். ஆயினும், காஜா பெராங்கில் கம்போங் செட்டி என்று வழங்கும் குடியிருப்பில் வாழும் மலாக்காச் செட்டிகளின் கதையைச் சொல்லப் புகுந்தவன், அவர்கள் வீட்டு அலமாரிகளில் ரசகற்பூர உருண்டைகளோடு மடிந்து கிடக்கும் பாஜு பாஞ்சாங் என்னும் நீள அங்கியையும் கெபாயா என்னும் மேற்சட்டையையும் ஒதுக்கிவிட்டுச் சொல்வானாயின், பாதிக் கதையைத்தான் சொன்னவனாவான்.

இவர்கள் வட்டித் தொழிலுக்காகப் பிற்காலத்தில் கப்பலேறி வந்த நாட்டுக்கோட்டையார் அல்லர். மலாக்காவில் சுல்தான்கள் ஆண்ட காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து துணி மூட்டைகளோடு வந்து, இந்த மண்ணின் ஸ்திரீகளை மணந்து நிலைத்துவிட்ட வணிகர்களின் பரம்பரையினர். 1511-இல் போர்த்துக்கீசியர் நகரைக் கைப்பற்றியபோது அவர்களால் பெண்டஹாரா என்னும் உயர்பதவியில் அமர்த்தப்பட்ட நைனா செட்டியும் இந்த வணிகக் கூட்டத்தைச் சேர்ந்தவரே. டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத மூர்த்தி விநாயகர் ஆலயம் இன்றும் தங்க ஆசாரித் தெருவில் நிற்கிறது. வீட்டுப் பாஷை மலாயாகிவிட்டது. ஆனால் விநாயகரும் மாரியம்மனும், பொங்கலையொட்டி முன்னோர்க்குப் படைக்கும் பரச்சுச் சடங்கும் குடும்பங்களை விட்டு நீங்கவில்லை. உடையோ இரண்டு வழியிலும் சேராமல் தனக்கென ஒரு வழி வகுத்துக்கொண்டது.

அவ்வழியைத் துணியின் அகலமே தீர்மானித்தது என்றால் மிகையாகாது. பழவேற்காட்டிலிருந்து வந்து, இன்றளவும் அவ்வூரின் பெயராலேயே பெலேக்காட் என்று மலாய் ஜனங்கள் அழைக்கும் கட்டம் போட்ட கைலி எப்படித் தறியிலிருந்து இறங்கியபடியே இடுப்பில் ஏறியதோ, அப்படியே முழங்காலுக்குக் கீழே தொங்கும் பழைய பாஜு பாஞ்சாங்கும் தறியகலத் துணியை வீணாக்காமல் நேர்க்கோட்டில் வெட்டி, அக்குளிலும் பக்கங்களிலும் மட்டும் சிறு துண்டுகள் சேர்த்துத் தைக்கப்பட்டது. பொத்தான் கிடையாது, கெரோசாங் என்னும் மூன்று ஊசி நகைகளே முன்பக்கத்தை மூடின. உடலின் வடிவத்தைக் காட்டுவது அந்த வெட்டின் நோக்கமன்று.

அதே காலத்தில் ஐரோப்பிய நாகரிகமோ திமிங்கில எலும்பு செருகிய கார்செட் என்னும் இறுக்குக் கச்சால் பெண்ணுடலைத் தன் விருப்பப்படி வார்த்துக்கொண்டிருந்தது. அந்நாகரிகத்தில் பிறந்த டச்சுச் சீமாட்டிகள், கிழக்கிந்தியத் தீவுகளின் வெக்கையில் வாழ நேர்ந்த 19-ஆம் நூற்றாண்டில், வீட்டிற்குள் கச்சைக் கழற்றிவிட்டுச் சரோங்கும் கெபாயாவும் அணிந்தனர் என்பது சுவையான முரண். வென்றவர் தோற்றவரின் உடையை உடுத்தினர். பதிலுக்கு அவர்களுடைய வெண்ணிற லேஸ் கெபாயாவின் ஓரங்களில் ஏறிக்கொண்டது.

பின்னர் சிங்கர் தையல் மெஷின் வந்தது. 1920-களுக்குப் பிறகு, மெஷினின் பாதத்தைக் கழற்றிவிட்டு, வட்டச் சட்டத்தில் இறுக்கிய துணியை இரு கைகளாலும் நகர்த்தி, பூவின் விளிம்பைத் தைத்து உள்ளே கத்தரித்தெடுக்கும் ‘தெபோக் லூபாங்’ வேலையும், ஓரத்தை அலையலையாக வளைக்கும் ‘பீக்கு’ வேலையும் சீன நோன்யாக்களிடையே தழைத்தன; செட்டிப் பெண்களும் அவற்றை உவந்து ஏற்றனர். கெபாயா குறுகியது, இடுப்பைப் பிடித்தது, மார்பில் டக்கு விழுந்தது. கச்சைக் கழற்ற உதவிய உடையே ஒரு நூற்றாண்டு கழித்து இடுப்பைத் தேடி வந்த விசித்திரம் எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது. பழைய கெபாயாவைத் திருப்பிப் போட்டு உட்தையலைப் பார்த்தவருக்கே விளங்கும்.

இப்படிப் பார்ப்பதை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தவர்கள் மேனாட்டார். நோரா வா என்னும் ஆங்கில மாது 1954-இல் கச்சுகளையும் கூண்டுப் பாவாடைகளையும் பற்றி எழுதிய நூலும், ஜேனட் ஆர்னால்ட் 1964 முதல், எஞ்சிய உடைகளைப் பிரிக்காமலே அளந்து எட்டில் ஒரு பங்கு அளவில் வரைந்து வெளியிட்ட வெட்டுப் படங்களும் அத்துறைக்கு அடிப்படையாயின.

நம்மவர்க்கு இது முற்றிலும் அந்நியமான வித்தையன்று. 1896-இல் தான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்று நட்ட பிறகு மலாக்காவின் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழ்ப் பெண்களின் வழியினர், தையற்காரரிடம் தம் உடம்பை அளக்கக் கொடாமல் ‘அளவு ஜாக்கெட்’ ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவதை நாம் அறிவோம். ஆனால் அந்தத் தையற்காரர் உடம்பின் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு தமக்குப் பழகிய முறையில் வெட்டிவிடுவார். பழைய கெபாயாவை மீண்டும் படைக்க முயல்பவர்க்கோ அளவைவிட முறையே முக்கியம்.

அவர் முதலில் உடையை வெளுத்த வெள்ளைத் துணியின்மேல் சமமாக விரித்து, பாவும் ஊடும் ஓடும் திசையை இழையோடு இழையாகக் கண்டுபிடிக்க வேண்டும். இழுத்து நேராக்கினால் மக்கிய நூல் அறுந்துபோம். துணியின் கரை தையலுக்குள் எங்கே மறைந்திருக்கிறது என்று கண்டால் தறியின் அகலம் தெரிந்துவிடும். அங்குலத்துக்கு எத்தனை தையல், அது கைத்தையலா, இரு நூல் கோக்கும் மெஷின் தையலா என்பதிலிருந்து காலம் ஓரளவு புலப்படும். மடிப்பின் உள்ளே வெளுக்காத நிறம் பழைய சாயத்துக்குச் சாட்சி. பிரித்த தையல் விட்டுச்சென்ற ஊசித் துளைகள், பிரசவத்துக்குப் பின் பக்கம் தளர்த்தப்பட்டதையோ, பேத்திக்காகக் கை குறுக்கப்பட்டதையோ சொல்லிவிடும். இவற்றையெல்லாம் கட்டத்தாளில் வரைந்து, முதலில் மார்க்கின் துணியில் வெட்டித் தைத்து, உடுத்திப் பார்த்துத் திருத்திய பின்பே நல்ல வாயில் துணியைத் தொட வேண்டும். (நோன்யா கெபாயாக்காரர்களும் நம் ஜாக்கெட் தையற்காரர்களும் கேட்டு வாங்குவது ரூபியா என்ற ஒரே பெயருள்ள துணியைத்தான் என்பதைக் கடைக்காரர்கள் நன்கு அறிவர்.)

உடுத்திப் பார்க்கும்போதுதான் பெரிய சிக்கல் எழும். கச்சு இல்லாமல் அக்காலத்துக் கவுன் ஒழுங்காக அமையாது என்று மேனாட்டு நிபுணர்கள் வற்புறுத்துவதுபோல, உள்ளே அணிந்த பருத்தி உள்சட்டையைக் கருதாமல் பழைய கெபாயாவும் அமையாது; இக்காலப் பிரேசியரின்மேல் அதை அணிந்தால் டக்கின் முனை இடம் தவறி நிற்கும். மேலுடையை மட்டும் போற்றிக் காப்பாற்றி, உள்ளுடை கந்தலாயிற்று என்று வீசியெறிந்த குடும்பங்கள் பல. அதனால் ஏற்பட்ட நஷ்டம் ஈடுசெய்ய முடியாதது.

2024 டிசம்பரில் புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து தேசங்களும் சேர்ந்து விண்ணப்பிக்க, கெபாயாவை யுனெஸ்கோ மனித குலத்தின் அருவப் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாக ஏற்றது. மகிழத்தக்க செய்திதான். ஆனால் விழா மேடைகளுக்கென்று கம்ப்யூட்டர் மெஷினில் பூவேலை செய்து, முதுகில் ஜிப் வைத்துத் தைத்த பளபளப்பான சட்டைகளைக் கண்டு, ‘இதுவே எங்கள் பாட்டி உடுத்தியது’ என்று இளையோர் நம்பிவிடுவார்களோ என்ற கவலை எனக்கு உண்டு. முன்பக்கம் கெரோசாங்கால் மூட வேண்டிய உடைக்கு முதுகில் ஜிப் எதற்கு?

பிரதி செய்பவர்களுக்குள் ஒரு விவாதமும் நடப்பதுண்டு: பிற்காலத்துத் தளர்த்தலையும் ஒட்டுப் போட்ட இடத்தையும் அப்படியே தைப்பதா, முதல் நாள் வெட்டுக்குத் திரும்புவதா? புதிதாகத் தைக்கும் கெபாயாவை முதல் வெட்டின்படியே தைக்கலாம். ஆனால் கட்டத்தாளில் தளர்த்திய கோடு, குறுக்கிய கோடு, ஒட்டு எல்லாவற்றையும் வேறு வேறு மையில் குறித்து, பழைய உடையோடு சேர்த்தே வைத்துவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.