ஹாலோங்கில் ஓர் இரவு: யாருடைய தண்ணீர்?

வியட்நாமின் ஹாலோங் விரிகுடா எண்டதும் எங்களுக்கு நினைவுக்கு வாறது ஒரே படம்தான்: பச்சைத் தண்ணி, சுண்ணாம்புக்கல் மலைகள், நடுவில் ஓர் உல்லாசப் படகு. பகலில் ஏறி, இரவு தண்ணியில் தூங்கி, மறுநாள் இறங்கலாம். இதே தண்ணியில் முதலில் தூங்கியவர்கள் யார்?

ஹாலோங்கின் பெரிய வரலாறு போர்க்கதைதான். 1288இல் பக்கத்துப் பாக் டாங் ஆற்றில் கூர்மரங்களை நட்டு, தண்ணீர் வற்றும் நேரத்தில் மொங்கோலியக் கப்பல்களைச் சிக்கவைத்தார் தளபதி ட்ரான் ஹுங் டாவ். அந்த மரங்களை வைத்திருந்த இடம் எண்டு விரிகுடாவிலுள்ள ஒரு குகையைச் சனம் இண்டைக்கும் காட்டும்.

சின்ன வரலாறு மீனவருடையது. குவா வான் போன்ற மிதக்கும் ஊர்களில் வீடும் பள்ளிக்கூடமும் தண்ணியிலேயே இருந்தன. 1994இல் யுனெஸ்கோ ஹாலோங்கை உலக மரபுரிமையாக அறிவித்தது, இயற்கை அழகுக்காக. 2014இல் அரசு அந்தக் குடும்பங்களைக் கரையில் குடியேற்றியது. புயல், மாசு, பிள்ளைகளின் படிப்பு எண்டு சொன்ன காரணங்கள் பொய்யில்லை. ஆனாலும் அவர்களில் சிலர் இப்ப பகலில் வந்து சுற்றுலாப் பயணிகளுக்குத் துடுப்புப் போடுகினம். இரவில் அங்கே தூங்குவது காசு குடுத்த நாங்கள்.

அழகைப் பாதுகாக்கிறம் எண்டு சொல்லும்போது, அதற்குள் வாழ்ந்த மனிசரையும் நாங்கள் எண்ணவேணும்.